துத்தநாகத் திருடன்

அத்தியாயம் ஏழு

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் அண்ணி. திருடறவன் எடுத்த பொருளை விப்பான், இல்ல வீட்ல வெச்சு அழகு பாப்பான். இந்த ஆளு பாசி புடிச்ச தண்ணியில முங்கி, படகுக்கு அடியில இருக்கிற ஜிங்க் கட்டியைக் கழட்டிட்டுப் போய் என்னதான் பண்ணுவான்? தலைக்கு வெச்சா படுப்பான்?"

மரப் பலகை போட்ட படகுத்துறையில் நடந்துகொண்டே கேட்டான் ரேடியோ. அவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவனிடம் நிறுத்துகிற பொத்தான் எதுவும் இல்லை என்பதுதான். வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அவன் வாயே அவனுக்குக் குழி பறித்தது. கடைசியில் அவன் அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். ஊரே அந்த அம்மாளை 'மேடம்' என்று கூப்பிட, இவன் மட்டும் கட்சிக்காரர்கள் முன்னாலும் 'அண்ணி' என்றே கூப்பிட்டு அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

"திருடன் இருக்கான்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் அண்ணி.

"டீச்சரம்மா சொன்னாங்களே."

"அவங்க கட்சிக்காரங்க. கட்சிக்காரங்க வலிக்கிற இடத்தைச் சொல்லுவாங்க. வியாதியை நாமதான் கண்டுபிடிக்கணும்."

டீச்சரம்மாவின் வலி இதுதான். கப்பல் எஞ்சினியராக இருந்த கணவர் போனபிறகு, வீட்டை விட்டுவிட்டு அவர் கடைசியாக வாங்கிய படகிலேயே குடியேறிவிட்டார். படகின் அடியில், படகைத் தள்ளுகிற விசிறியைத் தாங்கும் கால் ஒன்று நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அலுமினியத்தால் ஆனது. உப்புத் தண்ணீர் அதைத் தின்றுவிடாமல் இருக்க, அதன்மேல் துத்தநாகக் கட்டி ஒன்றை முடுக்கிவைப்பார்கள். கடலின் பசிக்குத் துத்தநாகம் கரையும், கால் பிழைக்கும். வழக்கமாக வருஷம் முழுவதும் வரவேண்டிய கட்டி, சமீபகாலமாக மாதம் திரும்புவதற்குள் காணாமல் போகிறது. பக்கத்துப் படகு கர்னல்தான் ஆள் வைத்துத் திருடுகிறார் என்பது டீச்சரம்மாவின் கட்சி. இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அவர்கள் போனபோது முக்குளிப்பவர் அப்போதுதான் நீரிலிருந்து ஏறிப் பலகையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவையும் கட்டி இல்லம்மா. அதுகூடப் பரவாயில்ல. அந்தக் கால் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. விரல் வெச்சா வெள்ளையாப் பொடி உதிருது. இதுல படுத்துத் தூங்கறதை நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

"பாத்தீங்களா?" என்று டீச்சரம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை முழுகடிக்கப் பாக்கறாரு அந்த மனுஷன்."

பக்கத்தில் அவர் மகள் காதில் போனை ஒட்டியபடி நின்றிருந்தாள். அவள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பதட்டப்படாதீங்க சார். கதவை நீங்களா தள்ளாதீங்க. ஆள் வந்துட்டே இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தவள், முக்குளிப்பவர் சொன்னதைக் கேட்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, இன்னிக்கு நீ இதுல தூங்க வேண்டாம். நம்ம வீட்டுக்கு வா."

"ஆரம்பிச்சிட்டியா? நீ முதல்ல அந்த லிஃப்ட்ல இருக்கிற ஆளை வெளிய எடு. அவருக்குத்தான் அவசரம்."

மகள் வேகமாகக் கரைப்பக்கம் நடந்தாள்.

"பாவம், நல்ல பொண்ணு," என்றான் ரேடியோ.

"ம்," என்றார் அண்ணி. அண்ணியின் 'ம்'முக்குப் பல அர்த்தம் உண்டு. இது எந்த 'ம்' என்று ரேடியோவுக்குப் பிடிபடவில்லை.

கர்னலின் படகு இரும்பால் ஆனது. பக்கத்தில் நின்ற டீச்சரம்மாவின் படகைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கர்னல் உண்மையில் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. மீசையைப் பார்த்து யாரோ வைத்த பெயர். உள்ளே டி.வி.யில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திருட்டு என்றதும் எகிறினார்.

"ஜிங்க் எனக்கு எதுக்கு? என் படகுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. ரெண்டு வருஷமா ஒரு கட்டி மாட்டினதில்ல. அடியில பெயின்ட் உரிஞ்சு கிடக்கு, அப்பவும் துரு இல்லையே! பழைய காலத்து இரும்பு மேடம். இப்பல்லாம் இந்த மாதிரி யார் செய்யறா?"

"கரையிலேர்ந்து கரண்ட் எப்பவும் போட்டு வெச்சிருப்பீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"ஃப்ரிட்ஜ் இருக்கே! அது இல்லாம எப்படி?"

"ரொம்ப நன்றி. உங்க படகைப் பத்திரமா பாத்துக்கறாங்க."

"யாரு பாத்துக்கறா? நான்தான் பாத்துக்கறேன்!"

அண்ணி அதற்குள் இறங்கிவிட்டார். துறையின் மின்பெட்டியை மூடிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் மேகத்தைப் பார்த்து நொந்துகொண்டார். "மழை வந்தா எனக்குச் சனி புடிச்ச மாதிரி. ஒரு படகுல கரண்ட் கசிஞ்சாப் போதும், இந்த வரிசை மொத்தமும் படுத்துக்கும். அப்புறம் எல்லாரும் குடையைப் புடிச்சுக்கிட்டு என்னைத் திட்ட வருவாங்க."

தன் பங்குக்குத் திட்ட டீச்சரம்மாவும் துறை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். "நீங்க உள்ள போய் நல்லாப் பாருங்க. நான் அந்த மேனேஜரை ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்."

படகின் உள்ளே இறங்குகிற வாசல் குறுகலாக இருந்ததால் அண்ணி கைப்பையைத் துறைப் பெஞ்சில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிட்டு இறங்கினார். அவர் போன் அந்தப் பையில் இருந்தது. இதை அப்போது இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, கைக்கடக்கமான சமையல் மேடை. டீச்சரம்மா எல்லாவற்றையும் பள்ளிக்கூட அலமாரி மாதிரி அடுக்கி வைத்திருந்தார். தரைப் பலகையைத் தூக்கினால் எஞ்சின் குழி. ரேடியோ குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டான். மழை பிடித்துக்கொண்டது. அண்ணி வாசல் பலகையை இழுத்து மூடினார். மேலே யாரோ கூடை கூடையாகக் கூழாங்கல் கொட்டுவதுபோல் சத்தம்.

"அண்ணி, இந்த எண்ணெய் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போயிருக்கு."

"காலுக்குள்ள கடல் தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம். எதையும் தொடாதே."

"திருடன் யாருன்னு கண்டுபுடிச்சிட்டீங்கல்ல? உங்க குரல்லயே தெரியுது. சொல்லிடுங்க, எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறுது."

அண்ணி டார்ச்சை அணைத்து அவன் முன்னால் ஆட்டினார். "இதுக்குள்ள இருக்கிற பேட்டரி எப்படி வேலை செய்யுது? வேற வேற உலோகம் ரெண்டு. நடுவுல உப்புத் தண்ணி மாதிரி ஏதோ ஒண்ணு. ரெண்டையும் ஒரு கம்பியால சேர்த்தா கரண்ட் ஓடும். ஓட ஓட ஒரு உலோகம் கரையும், இன்னொண்ணு சுகமா உக்காந்திருக்கும்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க."

"யாரு கரையறதுன்னு உங்க அண்ணனைக் கேளு. இங்க டீச்சரம்மாவோட ஜிங்க் ஒரு பக்கம், கர்னலோட இரும்பு ஒரு பக்கம். நடுவுல கடல்."

"கம்பி?"

"வர்ற வழியில தாண்டி வந்தியே, கரையிலேர்ந்து வர்ற கரண்ட் கேபிள். அதுக்குள்ள பச்சையா ஒரு எர்த் ஒயர் இருக்கு. ஷாக் அடிச்சா உயிரைக் காப்பாத்தறது அதுதான். எல்லாப் படகோட பச்சை ஒயரும் கரையில போய் ஒண்ணாச் சேருது. இவங்க ரெண்டு பேருக்கும் தண்ணிக்கு மேல பேச்சு கிடையாது. தண்ணிக்குக் கீழ ஒரே குடும்பம்."

ரேடியோ தலையை வெளியே எடுத்தான். "அப்போ அந்த ஆளு ரெண்டு வருஷமா..."

"அவரு திருடல. அவரு படகு திருடுது. இத்தனூண்டு ஜிங்க் கட்டி அத்தனை பெரிய இரும்புக்கும் சேர்த்து உயிரை விட்டிருக்கு. அது தீர்ந்ததும் அலுமினியக் காலைத் தின்ன ஆரம்பிச்சாச்சு."

"கேஸ் முடிஞ்சுது! வாங்க போலாம்."

"கேஸே இப்பதான் ஆரம்பம். கர்னல் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஜிங்க் காணாம போறது சமீபமாத்தான். நடுவுல இத்தனை நாள் யார் தடுத்தது?"

அண்ணியின் டார்ச் சுவரோரமாக நகர்ந்து, கரைக் கேபிள் உள்ளே நுழைகிற இடத்தில் நின்றது. தீப்பெட்டியை நாலைந்து மடங்கு பெரிதாக்கியதுபோல ஒரு கறுப்புப் பெட்டி. "இது ஐசொலேட்டர். செத்துப்போன எஞ்சினியர் விவரமான மனுஷன். பச்சை ஒயர் நடுவுல இதை மாட்டி வெச்சிருக்கார். ஷாக் அடிக்கிற மாதிரி பெரிய கரண்ட் வந்தா வழி விடும். இந்த மாதிரி ரகசியமா ஓடற சின்னக் கரண்ட்டைத் தடுத்துடும்."

"அப்போ ஏன் தடுக்கல?"

அண்ணி விரலால் காட்டினார். பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு சாண் நீளத்தில் புதுசாக ஒரு ஒயர். காவலாளி வாசலில் நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ சுவரில் வழி வைத்துவிட்டார்கள்.

"வேணும்னே பண்ணினது," என்றான் ரேடியோ. இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

அண்ணி ஒயரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு நுனியிலும் ஒழுங்காக உலோக முனை அழுத்தி, ஒவ்வொன்றிலும் குட்டியாக ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மணி கோத்திருந்தது. அதன்மேல் எண் அச்சிட்டிருந்தது.

அப்போதுதான் மேலே யாரோ வாசல் பலகையைத் தட்டினார்கள். பொறுமையாக, மறுபடி மறுபடி. மழைச் சத்தத்தில் குரல் எதுவும் கேட்கவில்லை.

"டீச்சரம்மா வந்துட்டாங்க. வர்றேன்!" என்று எழுந்த ரேடியோ, அவசரத்தில் குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயில் கையை ஊன்றினான். ரொட்டித் துண்டை ஒடிப்பதுபோல் அது கையோடு வந்தது.

தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது.

மேலே 'டக்' என்று ஒரு சத்தம்.

"அண்ணி!" ரேடியோ மறுபடி குப்புற விழுந்து, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தான். எஞ்சின் குளிர்வதற்காகக் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற குழாய் அது. காலின் அலுமினியத்திலேயே முடுக்கியிருந்தது. முடுக்கிய இடமே மாவாகிப் போயிருந்தது. குனிந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்த போன் நழுவிக் குழிக்குள் விழுந்து, ஒருமுறை வெளிச்சம் காட்டிவிட்டு அணைந்தது.

அண்ணி படியேறிப் பலகையைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் முட்டினார். வெளியே பூட்டு ஒன்று குலுங்கியது.

"பூட்டிட்டாங்க."

"யாரு?"

"கேட்டுச் சொல்றேன், கொஞ்சம் இரு," என்றார் அண்ணி. இன்னொரு முறை முட்டிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

முன்பக்கம் மேல்கதவு ஒன்று உண்டு. அதன்மேல் சின்னத் துடுப்புப் படகைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். ஜன்னல்கள் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அண்ணி ஒன்றைத் திறந்து மழையைப் பார்த்துக் கத்தினார். துறையில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் அவரவர் படகுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

தானியங்கிப் பம்பு முனகத் தொடங்கியது. கொஞ்ச நேரம் தண்ணீரை வெளியே துப்பியது, பிறகு இருமியது, பிறகு நின்றுவிட்டது. அண்ணி சமையல் மேடையிலிருந்து ஒரு கேரட்டைக் கொண்டுவந்தார்.

"அண்ணி, இப்ப எனக்குப் பசி இல்ல."

"ஓட்டையில அடிடா!"

அடித்தான். கேரட் பொருந்தியது, ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஓட்டையின் விளிம்பே உடைந்து கேரட்டோடு போனது. கட்டைவிரல் போதாமல் இப்போது உள்ளங்கை தேவைப்பட்டது. அண்ணி தன் துப்பட்டாவைச் சுருட்டிக் கொடுத்தார். அதை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, மார்பு நனைய எஞ்சின்மேல் படுத்துக் கிடந்தான் ரேடியோ. கையை எடுத்தால் தண்ணீர். இன்னும் அழுத்தினால் உடைசல். முதுகை நிமிர்த்தக்கூட முடியாது. இப்படி ஒரே இடத்தில் அவனை யாரும் கட்டிப்போட்டதில்லை. ஓரங்களில் கசிந்த நீர் எஞ்சினை ஏறிக்கொண்டிருந்தது. அவன் சட்டையின் கீழிருந்து இரண்டாவது பொத்தானைத் தொட்டது.

"ஏதாவது பேசுங்க அண்ணி. எனக்குப் பேச்சு வரல."

இதைக் கேட்டதும்தான் அண்ணிக்கு நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது. படியில் உட்கார்ந்தார்.

"சரி, யோசி. உன்னைக் கொல்லணும்னு ஒருத்தன் வர்றான். தட்டிட்டுப் பூட்டுவானா?"

"மரியாதை தெரிஞ்ச கொலைகாரனா இருந்தா..."

"உள்ள ஆள் இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தான் தட்டினாங்க. மழையில நம்ம சத்தம் கேக்கல. இது நம்மை உள்ள வெக்கப் போட்ட பூட்டு இல்ல ரேடியோ. டீச்சரம்மா இன்னிக்கு உள்ள போகக் கூடாதுன்னு போட்ட பூட்டு. இந்தப் படகு முழுகும்னு தெரிஞ்சவங்க, அவங்க சாகக் கூடாதுன்னும் நினைக்கிறவங்க."

"அப்படி ஒருத்தர் இருந்தா அவங்க எதுக்கு அந்த ஒயரைப் போடணும்?"

"அதை நேர்ல கேப்போம். வெளிய போனா."

'போனா' என்ற சொல் ரேடியோவுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் மூன்றாவது பொத்தானை விட்டு மேலே வந்திருந்தது. கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டான். வீடு ஞாபகம் வந்தது. அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்து அழ வேண்டியிருக்குமே என்று தோன்றியது.

அண்ணி திடீரென்று எழுந்தார். மேசை விளக்கைத் தூக்கி, அதன் ஒயரைச் சமையல் கத்தியால் அறுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"நம்ம குரல் கரைக்குப் போகல. ஆனா இங்கேர்ந்து கரைக்கு ஒரு கம்பி போகுதே. இந்தப் பாத்திரம் கழுவுற எவர்சில்வர் தொட்டியும் எஞ்சினும் எல்லாம் அந்தப் பச்சை ஒயர்லதான் கட்டியிருக்கு. தொட்டியில கரண்ட்டைக் கசிய விட்டா, கரையில மின்பெட்டி சுவிட்ச் விழும். வரிசையே இருட்டாகும். அப்புறம் எல்லாரும் குடையைப் புடிச்சுக்கிட்டு வெளிய வருவாங்க."

ரேடியோ ஒரு கணம் யோசித்தான். "நான் எஞ்சினைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தண்ணியில கிடக்கேன். நீங்க கரண்ட்ல விளையாடப் போறீங்க."

"பச்சை ஒயர் ஒழுங்கா இருந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒழுங்கா இருக்குன்னு என்ன நிச்சயம்?"

"அது ஒழுங்கா வேலை செஞ்சதாலதான்டா இந்தப் படகுக்கு இந்த கதி!"

ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறுத்த ஒயரைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, உலர்ந்த படிமேல் ஏறி நின்று, நீளமான மரக் கரண்டியால் அண்ணி சுவிட்சைத் தட்டினார்.

ஒரு பொறி. விளக்குகள் செத்தன.

கண்ணைத் திறந்ததும் ரேடியோ முதலில் தன் கால் விரல்களை அசைத்துப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாக உலகத்திலேயே இனிமையான சத்தம் ஒன்று வந்தது. கர்னல் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். பந்தாட்டம் நின்றுபோன ஆத்திரம்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கதவுகள் திறந்தன, குடைகள் வந்தன. எந்தப் படகில் கசிவு என்று கேபிளைத் தடவிக்கொண்டே வந்த எலக்ட்ரீஷியன் ஜன்னலில் அண்ணியின் முகத்தைப் பார்த்து அலறினார். "உள்ள ஆளு! உள்ள ஆளு இருக்கு!"

அந்த அலறலைக் கேட்டு, துறை அலுவலகப் பக்கமிருந்து ஒருத்தி மழையில் விழுந்தடித்து ஓடிவந்தாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுகொண்டது. கையில் சாவி. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தினமும் வெளியே எடுக்கிற அந்தக் கைக்கு, பூட்டின் துவாரம் சிக்கவே இல்லை. பின்னாலேயே வந்த டீச்சரம்மா சாவியைப் பிடுங்கித் திறந்தார்.

"நான்... தட்டினேன்," என்றாள் மகள். "ரொம்ப நேரம் தட்டினேன்."

"தெரியும்மா. கேட்டுது," என்றார் அண்ணி.

கர்னல் யாரையும் கேட்கவில்லை. தன் படகிலிருந்து கூம்பு மாதிரி ஒரு மரத் தக்கையும் சுத்தியலும் எடுத்துவந்து, எஞ்சின் குழிக்குள் இறங்கி, ரேடியோவின் கையை மெல்ல விலக்கித் தக்கையை வைத்தார். அலுமினியக் கால் நொறுங்கிவிடாமல் தட்டித் தட்டி இறுக்கினார். ரேடியோவின் கைகள் மடங்கியபடியே விறைத்திருந்தன. துறைப் பலகையில் உட்காரவைத்து யாரோ துண்டு போர்த்தினார்கள். துப்பட்டா இன்னும் அவன் விரலிடுக்கில் இருந்தது.

எலக்ட்ரீஷியன் கண்ணில் அண்ணியின் கையிலிருந்த ஒயர் பட்டது. படகுக்குள் அந்தக் கறுப்புப் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரின் முகம் மாறியிருந்தது.

"இதை ஐசொலேட்டர் மேல போட்டது யாரு? தெரியாம பண்ணின வேலை இல்ல இது. ஆள் தூங்கும்போது முழுகியிருந்தா கொலைக் கேஸ். நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும்."

எல்லோரும் கர்னலைப் பார்த்தார்கள். பழக்கதோஷம். கர்னல் மீசையிலிருந்து மழை வடிய, "என்னை ஏன்யா பாக்கறீங்க?" என்றார்.

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடுப்புப் பையில், லிஃப்ட் சாவிகளுக்கு நடுவே, எண் போட்ட மஞ்சள் மணிகள் ஒரு சரமாகத் தொங்கின. லிஃப்ட்டின் உள்ளே இருக்கிற நூற்றுக்கணக்கான ஒயர்களில் எது எது என்று தெரிவதற்காகக் கோப்பது. அண்ணி பேச வாயெடுத்தார்.

டீச்சரம்மா முந்திக்கொண்டார். ஒயரை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நுனியிலிருந்த மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்," என்றார்.

"நீங்களா?"

"பெட்டி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். தெரியாம பண்ணிட்டேன். மேனேஜர்கிட்ட நானே சொல்லிக்கறேன். கர்னல், உங்களைத் தப்பா பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

கர்னல் தடுமாறிப்போனார். "அட, அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டு, பேசியாகிவிட்டது என்று உறைத்ததும் கூச்சப்பட்டுக்கொண்டு தன் படகுக்குள் போய்விட்டார். எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டே மின்பெட்டியைப் போடப் போனார்.

நாலு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மழை குறைந்திருந்தது.

"இந்த மணியெல்லாம் நான் கோத்தது," என்று டீச்சரம்மா மகளைப் பார்க்காமல் சொன்னார். "நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல, உனக்குக் கண்ணு வலிக்குதுன்னு, சாப்பாட்டு மேசையில உக்காந்து நம்பர் பாத்துப் பாத்துக் கோத்துக் கொடுப்பேன். எனக்குத் தெரியாதா?"

மகள் அழவில்லை. அழாமல் இருக்க அவள் படுகிற பாட்டைத்தான் ரேடியோவால் பார்க்க முடியவில்லை.

"போன மழையில நீ துறைக்கும் படகுக்கும் நடுவுல வழுக்கி விழுந்தே. கர்னல்தான் தூக்கினாராம். எங்கிட்ட நீ சொல்லவே இல்ல. முக்குளிக்கிறவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. படகு பழசாயிடுச்சு, இனிமே லாயக்கில்லன்னு யாராவது சொல்லிட்டா நீ வந்துடுவேன்னு நெனச்சேன். கட்டிதான் கரையும், அதுக்குள்ள துறைக்காரங்க சோதனைக்கு வந்துடுவாங்கன்னு நெனச்சேன். கால் வரைக்கும் போகும்னு சத்தியமாத் தெரியாதும்மா. இன்னிக்கு அவர் சொன்னதும்தான்... உடனே பூட்டைத் தேடி ஓடினேன்."

"தினமும் ராத்திரி நான் அதுமேலதான் படுத்திருந்தேன்," என்றார் டீச்சரம்மா.

"டீச்சரம்மா," என்று அண்ணி மெதுவாகத் தொடங்கினார், "நீங்க முந்திக்கலன்னா நான் சொல்லியிருப்பேன்."

"சொல்லத்தான் செய்வீங்க. உங்க வேலை அது." டீச்சரம்மா ஒயரைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார். "இவ வீட்ல போன வருஷம் ஒரு மாசம் இருந்தேன். ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்துட்டேன். மறுநாள்லேர்ந்து வேலைக்குப் போகும்போது வெளிய பூட்டிட்டுப் போவா. பாசத்துலதான். ஏழாவது மாடி. சாயங்காலம் வரைக்கும் ஜன்னல்ல நின்னு கீழ போற ஆளுங்களைப் பாப்பேன். அங்கேர்ந்து தப்பிச்சுத்தான் இங்க வந்தேன்." மகள் பக்கம் திரும்பினார். "அதை நானும் உங்கிட்ட சொல்லல."

படகைத் தூக்கிக் கரையேற்ற கிரேன்காரருக்குச் சொல்லியாயிற்று. அலுமினியக் கால் மாற்றுகிறவரை அதில் யாரும் தங்க முடியாது. கர்னலிடமும் ஒரு ஐசொலேட்டர் மாட்டச் சொல்லவேண்டும், அது இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த படகு அவருக்கு உணவாகும் என்று அண்ணி சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. டீச்சரம்மா ஒரு சின்னப் பெட்டியில் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் அதை வாங்கிக் காரின் பின்னால் வைத்தாள். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சரம்மா ஏறவில்லை.

"வீட்டுச் சாவி ஒண்ணு எனக்கு வேணும்."

"தர்றேன்மா. வீட்டுக்குப் போனதும் தர்றேன்."

"இப்ப."

தூறலில் உள்ளங்கையை நீட்டியபடி அவர் அங்கேயே நின்றார். மகள் இடுப்புப் பையிலிருந்த கொத்தை எடுத்தாள். லிஃப்ட் சாவிகள், பெட்டிச் சாவிகள், எத்தனையோ. அவற்றில் ஒன்றைத் தேடிப் பிடித்து, நகத்தால் வளையத்தை நெம்பினாள். வளையம் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. நகம் ஒடிந்தது. ரேடியோ உதவப் போக, அண்ணி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

கடைசியில் சாவி கழன்று வந்தது. மகள் அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். டீச்சரம்மா விரல்களை மூடிக்கொண்டு, காரைச் சுற்றிவந்து, மகள் திறந்து பிடித்திருந்த கதவை விட்டுவிட்டு, பின்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தார்.